உங்க நெல்லுக்கு என்ன வயசு? ரகத்துக்கு ரகம் மாறும் பயிர் வளர்ச்சி

"யூரியா நேரத்துக்குப் போட்டோம், பயிரும் கரும்பச்சையா நின்னுச்சு. ஆனா கதிர்ல மணி கம்மியாப் போச்சு." குறுவை அறுவடை முடிந்ததும் இப்படிச் சலித்துக்கொள்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒருவேளை உங்கள் வீட்டிலேயே இந்தப் பேச்சைக் கேட்டிருக்கலாம். உரத்தில் கலப்படமா, விதை சரியில்லையா என்று தேடுவோம். பல நேரம் காரணம் ரொம்ப எளிது. உரம் சரி, போட்ட நாள்தான் தவறு.

சம்பாவில் வெள்ளைப் பொன்னிக்கு, நட்ட 42 முதல் 45 நாளில் மேலுரம் போட்டுப் பழகிய கை, குறுவையிலும் அதே நாளில்தான் போடும். ஆனால் குறுவை ரகத்தில் அந்த நாளுக்குள் கதிர் தண்டுக்குள் உருவாகி, எத்தனை மணி என்பதும் ஏறக்குறைய முடிவாகியிருக்கும். அதற்குப் பிறகு போடும் யூரியா மணியைக் கூட்டாது. இலையைப் பச்சையாக்கி, பூச்சியையும் நோயையும் வரவழைக்கும். காசும் போச்சு, விளைச்சலும் போச்சு.

நெல் ரகங்களின் வளர்ச்சி எங்கே ஒன்றாக இருக்கிறது, எங்கே மாறுகிறது என்று தெரிந்தால் இந்தத் தவறு நடக்காது. நிலம் ஊரில் இருந்து, அப்பா அம்மா பயிர் பார்த்து, நீங்கள் வெளியூரில் வேலை பார்ப்பவராக இருந்தாலும் இந்தப் பாடம் உங்களுக்குத்தான். உங்கள் கைபேசியில் நான்கு தேதிகளைக் குறித்துவைத்தாலே வீட்டுக்குப் பெரிய உதவி.

நெல்லின் வாழ்க்கையில் மூன்று பகுதி

எந்த ரகமாக இருந்தாலும் நெல் மூன்று கட்டங்களைக் கடக்கிறது.

1. வளர்ச்சிப் பருவம்: விதை முளைத்து, இலை விட்டு, தூர் வெடித்துப் பெருகும் காலம்.

2. கதிர்ப் பருவம்: தண்டுக்குள் கதிர் உருவாவது முதல் பூக்கும் வரை. சுமார் 35 நாள்.

3. முதிர்ச்சிப் பருவம்: பூத்தது முதல் அறுவடை வரை. நம் ஊர் வெப்பத்தில் சுமார் 30 நாள்.

இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் 65 நாள். 105 நாள் ரகமோ, 155 நாள் ரகமோ, இந்தக் கடைசி 65 நாள் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது முதல் பகுதி மட்டும்தான். குறுகிய கால ரகத்துக்கு வளர 40 நாள் கிடைக்கிறது. நீண்ட கால ரகத்துக்கு 90 நாள் கிடைக்கிறது. இன்றைய பாடத்தின் உயிர்நாடி இதுதான்.

65-ஐக் கழியுங்கள்

ரகத்தின் மொத்த வயதிலிருந்து 65-ஐக் கழித்தால், விதைத்த எத்தனையாவது நாளில் கதிர் உருவாகத் தொடங்கும் என்று தெரிந்துவிடும். 30-ஐக் கழித்தால் பூக்கும் நாள். நாற்றங்காலில் விதைத்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும், நட்ட நாளிலிருந்து அல்ல.

• 105 நாள் (கோ 51 போன்றவை): கதிர் உருவாவது 40ஆம் நாள், பூப்பது 75ஆம் நாள்.

• 110 நாள் (ஏ.டி.டி. 36, ஏ.டி.டி. 43): கதிர் உருவாவது 45ஆம் நாள், பூப்பது 80ஆம் நாள்.

• 130 நாள் (டி.கே.எம். 13): கதிர் உருவாவது 65ஆம் நாள், பூப்பது 100ஆம் நாள்.

• 135 நாள் (வெள்ளைப் பொன்னி): கதிர் உருவாவது 70ஆம் நாள், பூப்பது 105ஆம் நாள்.

• 155 நாள் (சி.ஆர். 1009): கதிர் உருவாவது 90ஆம் நாள், பூப்பது 125ஆம் நாள்.

பருவம், குளிர், மண் இவற்றைப் பொறுத்துச் சில நாள் முன்பின் ஆகலாம். ஆனால் திட்டமிட இந்தக் கணக்கு போதும்.

முதலில் சொன்ன தவறை இப்போது பாருங்க. ஏ.டி.டி. 43 நாற்றை 22ஆம் நாளில் நட்டால், கதிர் உருவாகும் 45ஆம் நாள் என்பது நட்ட 23ஆம் நாள்தான். நட்ட 45ஆம் நாள் என்றால் பயிருக்கு வயது 67. பூக்க இன்னும் 13 நாள்தான். தொண்டைக் கதிர் நிலைக்கு வந்துவிட்ட பயிர் அது. யூரியா மூன்று வாரம் தாமதம்.

தூர் எப்படி வெடிக்கிறது?

ஒரு விதையிலிருந்து வருவது ஒரு தாய்த் தண்டு. அதன் அடிப்பகுதியில் நெருக்கமாக அமைந்த கணுக்களில், ஒவ்வொரு இலையின் இடுக்கிலும் ஒரு மொட்டு உறங்குகிறது. அந்த மொட்டு விழித்தால் புதுத் தூர். தாய்த் தண்டில் ஐந்தாவது இலை வெளிவரும் சமயத்தில், இரண்டாவது இலையின் இடுக்கிலிருந்து தூர் எட்டிப்பார்க்கும். ஆறாவது இலை வரும்போது மூன்றாவது இலையின் இடுக்கு. இப்படி மூன்று இலை இடைவெளியில் வரிசையாக வரும். பிறகு தூரிலிருந்தே அடுத்த தூர் கிளைக்கும்.

ஆக, தூர் எண்ணிக்கை என்பது இலை எண்ணிக்கையைப் பொறுத்தது. இலை எண்ணிக்கை கிடைக்கும் நாட்களைப் பொறுத்தது. குறுகிய கால ரகத்துக்கு நாளும் கம்மி, இலையும் கம்மி, தூர் வெடிக்க வாய்ப்பும் கம்மி. அதனால்தான் வேளாண் துறையின் பரிந்துரையே ரகத்துக்கு ரகம் வேறுபடுகிறது.

• விதை அளவு: ஹெக்டேருக்குக் குறுகிய கால ரகம் 60 கிலோ, மத்திய கால ரகம் 40 கிலோ, நீண்ட கால ரகம் 30 கிலோ. ஏக்கருக்கு முறையே 24, 16, 12 கிலோ.

• இடைவெளி: நடுத்தர, குறைந்த வளமுள்ள மண்ணில் குறுகிய கால ரகத்துக்கு 15 × 10 செ.மீ., அதாவது சதுர மீட்டருக்கு 66 குத்து. நீண்ட கால ரகத்துக்கு 20 × 15 செ.மீ., அதாவது 33 குத்து.

குறுகிய கால ரகத்தில் ஒரு குத்து கட்டும் தூர் குறைவு என்பதால் குத்துகளைக் கூட்டி ஈடு செய்கிறோம். சி.ஆர். 1009-க்கும் கோ 51-க்கும் ஒரே இடைவெளி விட்டு நட்டால், இரண்டில் ஒன்று கண்டிப்பாக நட்டம்.

குறுவையின் அவசரம், சம்பாவின் காத்திருப்பு

குறுகிய கால ரகம் அவசரக்காரன் மாதிரி. தூர் வெடித்துக்கொண்டே இருக்கும்போதே தாய்த் தண்டுக்குள் கதிர் உருவாகத் தொடங்கிவிடும். அதனால் முதல் சில வாரங்கள் பொன் போன்றவை. அப்போது களை எடுக்கத் தாமதித்தாலோ, மேலுரம் தள்ளிப்போனாலோ, பின்னால் ஈடுகட்ட நாளே இல்லை. கடைசியில் வரும் தூர்களும் பெரும்பாலும் கதிர் பிடிக்காமல் காய்ந்துபோகும்.

நீண்ட கால ரகம் வேறு மாதிரி. தூர் முழுவதும் வெடித்து முடிந்த பிறகும் பல நாள் கழித்துத்தான் கதிர் உருவாகும். நடுவில் ஒரு காத்திருப்புக் காலம் இருக்கிறது. வெளியே பார்த்தால் பயிர் சும்மா நிற்பதுபோலத் தெரியும். "பயிர் மந்தமா இருக்கே" என்று அந்த நேரத்தில் ஒரு மூட்டை யூரியாவை வீசத் தோன்றும். வேண்டாம். அந்த உரம் கதிருக்குப் போகாது. இலைகள் மண்டி, ஒன்றையொன்று நிழலில் தள்ளி, பயிர் சாய்வதற்கு வழி செய்யும்.

நாற்றின் வயதிலும் இதே விதிதான். ரகத்தின் வயதில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வாரம் என்று நாற்றுக்குக் கணக்கு வைப்பது பழைய வழக்கம். நான்கு மாத ரகத்துக்கு நான்கு வார நாற்று. சி.ஆர். 1009 நாற்று சில நாள் முதிர்ந்தாலும் பிறகு தேறிக்கொள்ளும். ஆனால் தண்ணீர் தாமதமாகி, 105 நாள் ரகத்தை 40 நாள் நாற்றங்காலிலேயே வைத்திருந்தால் என்ன ஆகும்? 105-இல் 65 போக 40. அதாவது நாற்றங்காலிலேயே கதிர் உருவாகத் தொடங்கிவிடும். நட்ட கொஞ்ச நாளில் தூரே இல்லாமல் குட்டைக் கதிராக எட்டிப்பார்க்கும். தண்ணீர் வரும் நாள் உறுதியில்லை என்றால், நாற்றங்காலை இரண்டு மூன்று தவணையாக விடுவது நல்லது.

உயரம் ஏன் மாறுகிறது?

இளம் பயிரில் நாம் தண்டு என்று நினைப்பது பெரும்பாலும் இலை உறைகள் சுருண்டு நிற்பதுதான். உண்மையான தண்டின் கணுவிடைகள் கதிர் உருவாகும் சமயத்தை ஒட்டித்தான் நீளத் தொடங்கும். அந்த நீட்சியை ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கி நடத்துகிறது.

1966-இல் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 ரகத்தை வெளியிட்டது. இந்தோனேசியாவின் உயரமான 'பீட்டா' ரகத்தையும், தைவானின் குட்டையான 'டீ ஜியோ வூ ஜென்' ரகத்தையும் சேர்த்து உருவாக்கியது. குட்டை ரகத்திலிருந்து வந்த ஒரு மரபணு, தண்டில் ஜிப்ரலின் உற்பத்தியைக் குறைத்தது. கணுவிடை குட்டையானது, தண்டு விறைப்பானது, உரம் போட்டாலும் சாயாமல் நின்றது. இன்று நம் வயல்களில் உள்ள குட்டை ரகங்கள் பலவற்றில் இருப்பது இதே குணம்தான்.

வெள்ளைப் பொன்னி அவ்வளவு குட்டை இல்லை. அரிசி அருமை, ஆனால் உரம் கூடினால் சாயும். இலையும் இயல்பிலேயே வெளிர் பச்சை. பக்கத்து வயல் ஏ.டி.டி. ரகம் கரும்பச்சையாக இருக்கிறதே என்று அதற்கு ஈடாகப் பொன்னிக்கு யூரியா போடுவது தப்புக் கணக்கு. இலை வண்ண அட்டையில்கூட வெள்ளைப் பொன்னிக்கு அளவுகோல் 3, நடவு செய்த மற்ற ரகங்களுக்கு 4.

மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் போன்ற நம் பாரம்பரிய ரகங்கள் ஆள் உயரம் வளரக்கூடியவை. காட்டுயானம் வயலுக்குள் யானை நின்றாலும் தெரியாது என்று ஊரில் சொல்வார்கள். வைக்கோல் நிறைய கிடைக்கும், பள்ளக்கால் வயலில் தண்ணீர் நின்றாலும் தலை மேலே இருக்கும். ஆனால் குட்டை ரகத்துக்குப் போடும் அளவு உரத்தை இவற்றுக்குப் போட்டால் பாய் விரித்ததுபோல் படுத்துவிடும்.

வெள்ளம் வந்தால் யார் என்ன செய்வார்?

தண்ணீரில் மூழ்கினால் சாதாரண ரகம் பதறிப்போய் இலையையும் தண்டையும் நீட்டி மேலே வரப் பார்க்கும். அதற்குச் சேமிப்பில் இருந்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்துவிடும். வெள்ளம் வடியும்போது தெம்பில்லாமல் துவண்டு அழுகும்.

ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற ரகம் இதற்கு நேர்மாறு. மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு அமைதியாக இருக்கும். தண்ணீர் வடிந்ததும் மிச்சம் வைத்த சத்தைக் கொண்டு மறுபடி துளிர்க்கும். இந்தக் குணத்துக்குக் காரணமான சப் 1 மரபணுவை விஞ்ஞானிகள் 2006-இல் அடையாளம் கண்டார்கள். சுவர்ணா சப் 1, சி.ஆர். 1009 சப் 1 ஆகியவை அந்தக் குணத்தைச் சேர்த்து உருவானவை. வளர்ச்சிப் பருவத்தில் சுமார் இரண்டு வாரம் வரை மூழ்கியிருந்தாலும் மீண்டு வரும். ஆனால் பூக்கும் நேரத்தில் வரும் வெள்ளத்துக்கு இது காப்பு ஆகாது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: மூழ்கிக் கிடந்த பயிர் பூப்பது தள்ளிப்போகும். அப்போது நீங்கள் குறித்துவைத்த தேதிகளையும் தள்ளி வைக்க வேண்டும்.

விதைக்கும் மாதமும் வயதும்

நெல் இயல்பில் இரவு நீளும்போது பூக்கும் பயிர். நம் மாநிலத்தில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் சுமார் ஒன்றே கால் மணி நேரம்தான் வித்தியாசம். அந்தச் சின்ன வித்தியாசத்தையே உணர்ந்து, பகல் குறுகியதும் பூக்கும் பழைய சம்பா ரகங்கள் உண்டு. அவற்றை முன்னால் விதைத்தாலும் பின்னால் விதைத்தாலும் பூப்பது ஏறக்குறைய ஒரே சமயம். முன்னால் விதைத்தால் வளர்ச்சிப் பருவம்தான் நீளும். இத்தகைய ரகங்களுக்கு, பூக்கும் என்று எதிர்பார்க்கும் தேதியிலிருந்து 35 நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள்.

புதிய ரகங்கள் பலவற்றுக்கு இந்த உணர்வு குறைவு. விதைத்த நாளிலிருந்து எண்ணி, நாள் வந்ததும் பூத்துவிடும், மழையா வெயிலா என்று பார்க்காது. அதனால் மழையைப் பார்க்க வேண்டியது நாம்தான்.

ஆகஸ்ட் 10-இல் ஒரே நாற்றங்காலில் சி.ஆர். 1009-ஐயும் டி.கே.எம். 13-ஐயும் விதைப்பதாக வைத்துக்கொள்வோம். சி.ஆர். 1009 டிசம்பர் 13-இல் பூத்து, ஜனவரி 12-இல், பொங்கலுக்கு முன்னால் அறுவடைக்கு வரும். டி.கே.எம். 13 நவம்பர் 18-இலேயே பூத்துவிடும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் நேரம். பூவில் மழை அடித்தால் மகரந்தம் வீணாகி, பதர்தான் மிஞ்சும். அதே டி.கே.எம். 13-ஐ செப்டம்பர் 1-இல் விதைத்தால் பூப்பது டிசம்பர் 10. நீண்ட கால ரகத்தை ஆகஸ்ட்டிலும், மத்திய கால ரகத்தைச் செப்டம்பரிலும் விதைக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

கைபேசியில் நான்கு நினைவூட்டல்

விதைத்த அன்றே நாள்காட்டிச் செயலியைத் திறந்து இந்த நான்கையும் பதிந்துவிடுங்கள். எடுத்துக்காட்டாக, ஜூன் 5-இல் விதைத்த ஏ.டி.டி. 43-க்கு:

1. நடவு: 22ஆம் நாள், ஜூன் 27.

2. கதிர் உருவாகும் நாள்: 45ஆம் நாள், ஜூலை 20. மேலுரத்துக்கு முக்கியமான தவணை. இந்த நாளிலிருந்து பூக்கும் வரை வயல் காயக் கூடாது.

3. பூக்கும் நாள்: 80ஆம் நாள், ஆகஸ்ட் 24. காலையில் பூ மலரும் நேரத்தில் மருந்து தெளிக்க வேண்டாம்.

4. அறுவடை: 110ஆம் நாள், செப்டம்பர் 23. அறுவடை இயந்திரத்துக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.

நாள்காட்டி வழிகாட்டும், முடிவு வயலில்தான். இரண்டாவது தேதியை ஒட்டி, நாலைந்து இடத்தில் தாய்த் தண்டைப் பறித்து, அடிப்பகுதியைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்து பாருங்க. மேல் கணுவுக்கு மேலே 1 முதல் 2 மி.மீ. அளவில் வெள்ளையாக, பஞ்சு போல ஒரு கூர்முனை தெரிந்தால் கதிர் உருவாகிவிட்டது. கண்ணுக்குத் தெரிய, கணக்கிட்ட நாளைவிடச் சில நாள் கூடுதலாகலாம். படம் எடுத்து உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலருக்கு அனுப்பியும் கேட்கலாம்.

விதை வாங்கும்போதே வயசைக் கேளுங்க

கணக்கெல்லாம் ரகத்தின் பெயர் சரியாகத் தெரிந்தால்தான் பலிக்கும்.

• சான்று பெற்ற விதை மூட்டையில் நீல நிற அட்டை இருக்கும். ஆதார விதைக்கு வெள்ளை அட்டை. ரகத்தின் பெயர், குவியல் எண், பரிசோதித்த தேதி, காலாவதி தேதி எல்லாம் அதில் இருக்கும். சான்று நெல் விதைக்கு முளைப்புத்திறன் குறைந்தது 80 சதவீதம் வேண்டும்.

• அட்டையையும் ரசீதையும் படம் எடுத்துவையுங்கள். அசலையும் அறுவடை வரை பத்திரமாக வைத்திருங்கள்.

• ஒரே நாளில் விதைத்த வயலில் ஒரு பகுதிப் பயிர் மட்டும் இரண்டு வாரம் முன்னாலேயே கதிர் விட்டால், அல்லது தலைக்கு மேல் உயர்ந்து நின்றால், அது கலவன். கொஞ்சம் என்றால் பிடுங்கிவிடலாம். நிறைய என்றால், அட்டை, ரசீது, வயல் படம் மூன்றையும் கொண்டு விதை ஆய்வாளரிடம் புகார் கொடுங்கள். அறுத்த பிறகு சொன்னால் காட்ட ஆதாரம் இருக்காது.

• உழவன் செயலியில் விதை இருப்பு, உர இருப்பு விவரங்களைப் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகலாம். அல்லது 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

ஒரு பயிற்சிக் கணக்கு

120 நாள் ரகம் ஒன்றை அக்டோபர் 1-இல் விதைக்கிறீர்கள். கதிர் எப்போது உருவாகும்? எப்போது பூக்கும்? எப்போது அறுக்கலாம்?

விடை: 120-இல் 65 போக 55ஆம் நாள், அதாவது நவம்பர் 25. பூப்பது 90ஆம் நாள், டிசம்பர் 30. அறுவடை 120ஆம் நாள், ஜனவரி 29.

கணக்கு சரியாக வந்ததா? அப்படியென்றால் இன்று வீட்டுக்குப் பேசும்போது இரண்டே கேள்வி கேளுங்கள்: "என்ன ரகம் போட்டிருக்கீங்க? என்னைக்கு விதைச்சீங்க?" மீதித் தேதிகளை நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.